புலம்பெயர் தாய்மாரின் வைட்டமின் பற்றாக்குறை: ஒரு விமர்சனப் பார்வை

பிறக்கும் குழந்தையின் உடலிலுள்ள வைட்டமின் இருப்பு தாயிடமிருந்து வருவது. தாய்க்கு டி, பி12 ஆகிய வைட்டமின்கள் குறைவாக இருந்தால் குழந்தையும் அக்குறையோடு பிறக்கிறது. தாய்ப்பாலாலும் அது ஈடாவதில்லை. ஊர்விட்டு வந்த தாய்மாரிடம் இப்பற்றாக்குறை மிகுதி என்பதை ஐரோப்பிய நாடுகளின் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அந்த ஆய்வுகள் கூறும் காரணம் தாம்பரத்துக்கும் தென்சென்னைப் புறநகருக்கும் பொருந்துமா, இங்குள்ள அரசுத் திட்டங்கள் இக்குறையைத் தொடுகின்றனவா என்பவை தனியே ஆராயத்தக்கவை.

வெயில் விளக்கமும் அதன் எல்லையும்

நார்வேயின் ஒஸ்லோ நகரில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. ஒஸ்லோவில் வாழ்ந்தோரின் வைட்டமின் டி அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. கருநிறத் தோல், வடநாட்டின் மங்கிய வெயில் என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

சென்னை 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆண்டு முழுதும் வெயில் உண்டு. ஆயினும் வெயிலுள்ள ஊர் என்பதால் மட்டும் பற்றாக்குறை நீங்கிவிடாது. லக்னோவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் கர்ப்பிணிகளில் சுமார் 84 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். தகரக் கொட்டகைக்குள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும், கட்டுமான இடத்தில் நண்பகலில் கல் சுமக்கும் பெண்ணுக்கும் கிடைக்கும் வெயில் ஒன்றல்ல. இருவரையும் ‘வடமாநிலத் தொழிலாளர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

பிரிட்டன் தரும் பாடம்

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் குழந்தைகளிடம் 1960-களிலும் 1970-களிலும் ரிக்கெட்ஸ் எனும் எலும்பு மென்மை நோய் காணப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் நடந்த விழிப்புணர்வு இயக்கம், குடியேறியோரின் உணவையும் உடையையும் பழக்கவழக்கங்களையும் மாற்றச் சொன்னது என்ற கண்டனத்துக்கு உள்ளானது. அதே நாடு 1940-ல் தன் மக்கள் அனைவருக்கும் மார்கரினில் வைட்டமின் டி சேர்த்தது. அப்போது யாருடைய பழக்கத்தையும் குறைகூறவில்லை. கிளாஸ்கோ நகரிலோ இலவசமாக வைட்டமின் டி வழங்கத் தொடங்கிய பின் நோய் குறைந்தது. அறிவுரையைவிட வழங்கலே பலன் தந்தது.

தாம்பரத்தில் எழும் கேள்வி

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. இது பெரிய சாதனை. தேசிய வழிகாட்டுதலின்படி கர்ப்பிணிக்கு 14-ஆம் வாரம் முதல் நாளுக்கு இரண்டு சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் தரப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் 250 அலகு வைட்டமின் டி உண்டு. ஆனால் இவை கர்ப்பப் பதிவோடு இணைந்தவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும், அதிலடங்கிய இரு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் குறித்த காலப் பதிவையும் தொடர் பரிசோதனையையும் எதிர்பார்க்கின்றன. ஓரகடத்தில் மூன்று மாதம், நாவலூரில் நான்கு மாதம், பிரசவத்துக்குச் சொந்த ஊர் என நகரும் பெண்ணின் கர்ப்பம் எந்த ஒரு செவிலியர் ஏட்டிலும் முழுமையாக இராது. ஓரிடத்தில் நிலைத்திருப்பவரை மனத்தில் வைத்து வகுத்த திட்டம், நகர்பவரைத் தவறவிடுகிறது.

மாத்திரையில் இல்லாத பி12

பதிவு சரியாக இருந்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன, பி12 இல்லை. புனேயில் 1990-களில் தொடங்கிய தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு தாய்மாருக்கு பி12 குறைவு. ஃபோலேட் குறைவோ ஒரே ஒருவருக்குத்தான். பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், ஆறு வயதில் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத தன்மை அதிகமாகக் காணப்பட்டது.

பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே பி12 கிடைக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்ததால் பிறமாநிலத்தவரும் இங்கு தானியம் வாங்கலாம். செறிவூட்டிய அரிசியின் தரவரையறைப்படி ஒரு கிலோவில் சுமார் 1 மைக்ரோகிராம் பி12 இருக்கும். ஒருவருக்குரிய 5 கிலோவில் மாதம் 5 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கோ ஒரு நாளைக்கே 2 மைக்ரோகிராமுக்கு மேல் தேவை. அதாவது, மாத அரிசி ஏறத்தாழ இரண்டு நாள் தேவைக்கே எட்டும்.

இதன் விளைவு குழந்தையிடம் தாமதமாகவே தெரியும். பி12 குறைந்த தாயின் பாலை மட்டுமே நம்பி வளரும் குழந்தை சில மாதங்களில் வெளிறி, கற்ற அசைவுகளை இழந்து, கைகால் நடுங்கும் நிலைக்கு வரக்கூடும். பிறந்த அன்று எடை பார்த்தால் இது தெரியாது.

மதிப்பீடு

எல்லாத் தாய்மாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது செலவு மிக்கது. அதுவே தீர்வும் அன்று. மாத்திரையில் பி12 சேர்ப்பது, பிரசவ அறையிலிருந்து வீடு திரும்பும்போதே குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்தைக் கையில் கொடுப்பது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பழைய பதிவைத் தொடர அனுமதிப்பது ஆகிய மூன்றும் செய்யக்கூடியவை. இவற்றைச் செய்யாமல் ‘சத்தாகச் சாப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்வது, பிரிட்டன் செய்த பிழையைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் மீண்டும் செய்வதாகும்.