வாடிவாசலின் இருட்டு

கூலமேடு ஜல்லிக்கட்டுக்குப் புதிதாகக் கேமராவோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தோடுதான் திரும்புகிறார்கள்: நாலு காலும் தரையில் படாத காளை, திமிலில் தொங்கும் பையன். நல்ல படம்தான். ஆத்தூர் போகிற வழியில் பொங்கல் பிளெக்ஸிலேயே அதைப் பார்த்துவிடலாம்.

நான் காத்திருப்பது அதற்குச் சற்று முந்தைய கணத்துக்கு. காளை பாய்ந்து வரும் வாடிவாசலுக்கு உள்ளே மூக்கணாங்கயிற்றை அறுக்கிறார்கள். வெளியே தை மாதத்துச் சாய்வெயில், வாசலுக்குள் இருட்டு. அந்த இருட்டில் முதலில் மின்னுவது கொம்பு அல்ல, மூக்கின் ஈரம். அப்புறம் ஒரு கண். கேமராவின் கணக்கை நம்பினால் இருட்டை வெளுக்க வைத்து, வெளியே நிற்கிறவர்களைச் சுட்டுவிடும். வெயிலுக்கு அளவு வைத்து, உள்ளே கறுப்பைக் கறுப்பாகவே விட வேண்டும்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. அடுத்த மூன்று பொங்கலுக்கும் வாடிவாசல் முறைப்படி திறக்கவில்லை. 2017 சனவரியில் தடையை எதிர்த்து மெரினா நிறைந்தது. சேலத்தில் ரயிலையே நாள்கணக்கில் மறித்து வைத்தார்கள். அந்த மாதமே திருத்தச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் படத்தின் சட்டத்தையும் மாற்றிவிட்டது. முன்பெல்லாம் கூட்டம் மாட்டை ஒட்டியே நிற்கும். படத்தில் முகம், கை, கொம்பு எல்லாம் ஒரே குவியல். இப்போது இரட்டைத் தடுப்பு. பனியன் போட்ட வீரர்கள் சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். தரையில் தேங்காய் நார். குளம்பு பட்டால் செம்மண் எழாது, பழுப்பாகச் சிதறும். நமக்கோ 200 மில்லிமீட்டர் லென்ஸ், தூரத்து மேடை. குறை சொல்ல மாட்டேன். சங்க இலக்கியத்தின் முல்லைக்கலியில் பரண்மேல் நின்று ஏறு தழுவலைப் பார்த்த பெண்களும் இவ்வளவு தள்ளித்தான் நின்றிருப்பார்கள்.

பாய்கிற மாட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும், கேமராவே பார்த்துக்கொள்ளும். நின்று விளையாடுகிற மாடுதான் ஆளைச் சோதிக்கும். நடுக்களத்தில் அது நாரைக் கிளறிக்கொண்டு நிற்க, அத்தனை பேரும் தடுப்பில் ஏறிக்கொள்வார்கள். அப்போது மாட்டை ஓரத்தில் சிறிதாக வைத்து, மேலே தொங்குகிற வெறுங்கால்களை எடுக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் மஞ்சள் பூசிய கயிறு இருந்தது, ஒரு வருடம்.

இன்னொரு வருடம் ஒரு காளை வாசலைத் தாண்டவே இல்லை. மைக்கில் கெஞ்சிப் பார்த்தார்கள், உருமியும் கொட்டிப் பார்த்தார்கள். கடைசியில் உள்ளேயே திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்குக் கிடைத்தது முழுக் கறுப்பில் ஈர மூக்கும் ஒரு கண்ணும். வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள், "மாடு எங்கே?" என்கிறார்கள்.