‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’: முதல் எண்ணமும் திருமணமும்

‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ ஜேன் ஆஸ்டின் (1775–1817) எழுதிய ஆங்கில நாவல். 1813 ஜனவரி 28 அன்று லண்டனில் தாமஸ் எகர்டன் என்ற பதிப்பாளர் இதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். முகப்பில் ஆசிரியரின் பெயர் இல்லை. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் ஆசிரியர் எழுதியது என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. தலைப்பைத் தமிழில் ‘செருக்கும் முன்முடிவும்’ எனலாம். ஆனால் 1796–97இல் இதன் முதல் வடிவத்தை எழுதியபோது ஆஸ்டின் வைத்திருந்த பெயர் ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரஷன்ஸ்’, அதாவது முதல் எண்ணங்கள். அவருடைய தந்தை 1797 நவம்பரில் ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி இதை வெளியிட முடியுமா என்று கேட்டார். பதிப்பாளரோ கைப்பிரதியைப் பார்க்கக்கூட விரும்பவில்லை. 1800இல் அதே பெயரில் வேறொருவரின் நாவல் வந்துவிட்டது. நாவலைப் புரிந்துகொள்ளப் புதிய தலைப்பைவிடக் கைவிடப்பட்ட பழைய தலைப்பே அதிகம் உதவுகிறது.

இந்நாவலைப் பற்றிய தேர்வுக் குறிப்புகளில் ஒரு வாய்பாடு உண்டு: டார்சி செருக்கு, எலிசபெத் முன்முடிவு, இருவரும் தத்தம் குறையைக் களைந்து மணம் புரிகிறார்கள். எழுதுவதற்கு எளிது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே இந்த வாய்பாடு ஆட்டம் காண்கிறது. மெரிட்டன் ஊரின் நடன விருந்தில் எலிசபெத் பென்னட் அருகில் அமர்ந்திருக்கிறாள். தன்னை ஆடவைக்கும் அளவுக்கு அவள் அழகி அல்ல என்று டார்சி தன் நண்பன் பிங்கிலியிடம் சொல்கிறான். அது அவள் காதில் விழுகிறது. ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் உள்ள இளைஞன், அறிமுகமில்லாத ஒரு பெண்ணை அவள் காதுபடவே இப்படிப் பேசினால், அவனைத் திமிர் பிடித்தவன் என்று அவள் எண்ணியதில் என்ன பிழை? ஊரும் அப்படித்தான் எண்ணியது. கதை முடியும் தறுவாயில், தான் சிறு வயது முதலே இறுமாப்புடன் வளர்ந்தவன் என்று டார்சியே ஒப்புக்கொள்கிறான். அவனைப் பற்றிய அவளது முதல் எண்ணம் குறைபட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். பொய் என்று சொல்ல முடியாது.

பொய்த்துப்போன முதல் எண்ணம் விக்காமைப் பற்றியது. புதிதாகப் படைப்பிரிவில் சேர்ந்த இந்த அதிகாரி களையான முகமும் இனிய பேச்சும் கொண்டவன். முதல் நாள் தெருவில் அறிமுகமாகிறான். மறுநாள் மாலை எலிசபெத்தின் சித்தி வீட்டில் அவளருகே அமர்ந்து தன் கதையைச் சொல்கிறான். டார்சியின் தந்தை தனக்கு வாக்களித்த பாதிரியார் பதவியை டார்சி தராமல் ஏமாற்றிவிட்டான் என்பது அந்தக் கதை. எலிசபெத் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிறாள். தன் கூர்ந்த அறிவில் பெருமை கொண்டவள், தன் தோழிகளின் மதிப்பீடுகளைத் திருத்துபவள், ஒரே மாலையில் ஏமாறுகிறாள். ஏன்? அவளது தன்மானம் ஏற்கெனவே புண்பட்டிருந்தது. டார்சி தன் பெருமையைக் காயப்படுத்தாமல் இருந்திருந்தால் அவனது பெருமையை எளிதில் மன்னித்திருப்பேன் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் அவளே வேடிக்கையாகச் சொல்கிறாள். வேடிக்கைதான், ஆனால் உண்மை. செருக்கு டார்சிக்கு மட்டும் உரியதன்று. எலிசபெத்தின் முன்முடிவு பிறந்ததே அவளது செருக்கிலிருந்துதான்.

வாசகரும் அவளோடு சேர்ந்தே ஏமாறுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கதைசொல்லி பெரும்பாலும் எலிசபெத்தின் தோளருகே நின்றே உலகைக் காட்டுகிறார். விக்காம் பொய்யன் என்பதற்கான தடயங்கள் எல்லாம் நம் கண்முன்னே கிடக்கின்றன. அவளைப் போலவே நாமும் அவற்றைத் தாண்டிப் போகிறோம்.

நாவலின் உச்சம் திருமணக் காட்சி அன்று, ஒரு கடிதத்தை வாசிக்கும் காட்சி. ஹன்ஸ்ஃபோர்டில் டார்சி தன் காதலைச் சொல்கிறான். சொல்லும்போதே அவளது குடும்பத்தின் தாழ்ந்த நிலையையும் விரிவாக எடுத்துரைக்கிறான். பெண் கேட்க வந்தவன் பெண்வீட்டாரைப் பழித்துவிட்டுச் சம்மதத்தை எதிர்பார்ப்பது போன்றது அது. அவள் கடுமையாக மறுக்கிறாள். மறுநாள் அவன் ஒரு நீண்ட கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பதவி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து விக்காம் 3,000 பவுண்டு பெற்றுக்கொண்டதும், டார்சியின் பதினைந்து வயதுத் தங்கை ஜார்ஜியானாவை அவளது 30,000 பவுண்டு சொத்துக்காக அழைத்துக்கொண்டு ஓட முயன்றதும் அதில் உள்ளன. முதல் வாசிப்பில் எலிசபெத் எதையும் நம்புவதில்லை. இனி இதைப் பார்க்கவே போவதில்லை என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மீண்டும் பிரிக்கிறாள். இம்முறை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, இரு தரப்பையும் எடைபோட்டுப் படிக்கிறாள். முன்பின் தெரியாத தன்னிடம் விக்காம் அத்தனையும் கொட்டியது பண்பா? டார்சியைக் கண்டு ஒதுங்க மாட்டேன் என்று மார்தட்டியவன் நெதர்ஃபீல்டு நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? டார்சி ஊரைவிட்டுப் போனபின் அல்லவா அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பினான்? விக்காமின் நற்குணத்துக்கு அவளிடம் இருந்த ஒரே சான்று அவனது முகமும் குரலும்தான். இதில் ஒன்றும் புதுச் செய்தி இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்தவைதான். தெரிந்ததைத் திரும்பப் பார்த்தாள், அவ்வளவுதான். இந்த அத்தியாயத்தை மாணவர்கள் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. வாசிப்பது எப்படி என்பதற்கே அது ஒரு பாடம்.

உண்மை தெரிந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. விக்காமின் குணத்தை ஊருக்குச் சொல்வதா என்று எலிசபெத்தும் அக்காள் ஜேனும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவள் கடைசித் தங்கை லிடியா. பதினாறு வயதில் அவள் விக்காமுடன் ஓடிப்போகிறாள். டார்சி ரகசியமாக விக்காமின் கடன்களை அடைத்துப் பணம் கொடுத்துத் திருமணத்தை நடத்தி வைக்கிறான். நாவல் லிடியாவை அசட்டுப் பெண்ணாகவே காட்டி முடிக்கிறது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.

இந்நாவலில் முதல் எண்ணத்துக்கு முதல் பலி எலிசபெத் அல்லள், அவளுடைய தந்தை. இளமையையும் அழகையும் பார்த்து மயங்கித் திருமணம் செய்துகொண்டவர் பென்னட். மனைவியின் அறிவுக் குறைவு தெரிந்தபோது அன்பும் மதிப்பும் போயின. கிண்டலும் நூலக அறையும் மிஞ்சின. அவரது கிண்டலை ரசித்துச் சிரிக்கும் வாசகர், அதன் பின்னே ஒரு தோற்றுப்போன குடும்பம் இருப்பதை நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தில்தான் முழுமையாக உணர்கிறார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வந்தும் அவர் எதையும் சேமிக்கவில்லை. ஆண்வாரிசுக்கே சேரும் என்ற கட்டுப்பாட்டில் இருந்த லாங்போர்ன் சொத்தை, பிறக்கப்போகும் மகன் மீட்டுவிடுவான் என்று நம்பியிருந்தார். பிறந்தவை ஐந்தும் பெண்கள். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பது அந்தத் தம்பதிக்கு அப்படியே பொருந்தும். டார்சியை மணக்கப்போவதாக எலிசபெத் சொன்னதும், மதிக்க முடியாத துணையோடு நீ வாழ்வதைப் பார்க்கும் துயரத்தை எனக்குத் தராதே என்கிறார் பென்னட். நாவல் முழுவதும் அவர் கிண்டலின்றிப் பேசும் அரிய இடங்களில் அது ஒன்று.

தந்தைக்குக் கிடைக்காத ஒன்று மகளுக்குக் கிடைத்தது: எண்ணத்தைத் திருத்திக்கொள்ளக் கால அவகாசம். அது அவளது அறிவால் மட்டும் கிடைத்ததன்று. மாமா கார்டினரின் வியாபார வேலையால் ஏரி மாவட்டப் பயணம் சுருங்கி டெர்பிஷயரோடு நின்றது. டார்சி ஒரு நாள் முன்னதாகவே தன் பெம்பர்லி மாளிகைக்கு வந்துவிட்டான். இரண்டும் தற்செயல். பெம்பர்லியைப் பார்த்த பிறகுதான் அவள் மனம் மாறியது என்ற கேலி பழையது. 1816இல் வெளிவந்த ‘எம்மா’ மதிப்புரையிலேயே சர் வால்டர் ஸ்காட் அவ்வாறு எழுதினார். கேலியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அவளை அசைத்தது தோட்டத்தைவிட, நான்கு வயது முதல் டார்சியை அறிந்த வீட்டு நிர்வாகி ரெய்னால்ட்ஸ் அம்மாள் தந்த சாட்சியம். முகத்தையும் குரலையும் நம்பி ஒருமுறை ஏமாந்தவள், இப்போது நெடுநாள் அறிந்தவரின் சொல்லைக் கேட்கிறாள்.

அவகாசம் கிடைக்காதவள் சார்லட் லூகாஸ். எலிசபெத் மறுத்த பாதிரியார் காலின்ஸ், மூன்றே நாளில் சார்லட்டைப் பெண் கேட்கிறார். அவள் உடனே சம்மதிக்கிறாள். வயது 27, அழகில்லை, சொத்தில்லை. அவள் முதிர்கன்னியாகவே இறந்துவிடுவாளோ என்ற பயம் தீர்ந்ததில் தம்பிகளுக்கு மகிழ்ச்சி. திருமணத்தில் இன்பம் என்பது தற்செயல், கணவனின் குறைகளை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்பது அவள் கட்சி. எலிசபெத் அதிர்ந்துபோகிறாள். ஆனால் எலிசபெத்தின் சொந்த நிலை என்ன? காலின்ஸ் பெண் கேட்கும்போதே கணக்குச் சொல்கிறார்: தாய்க்குப் பின் அவளுக்கு வருவது நான்கு சதவீத வட்டியில் 1,000 பவுண்டு மட்டும். ஆண்டுக்கு 40 பவுண்டு. டார்சியின் வருமானத்தில் அது ஒருநாள் பங்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இந்த நிலையில் இருந்துகொண்டு இரண்டு பேரை மறுப்பது துணிச்சல். அதே துணிச்சலை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆஸ்டின் இதை வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை. 1802 டிசம்பரில், 27 வயது நிறைய இரண்டு வாரமே இருந்தபோது, வசதியான குடும்பத்து ஹாரிஸ் பிக்-விதர் அவரைப் பெண் கேட்டார். மாலையில் சம்மதித்தவர் மறுநாள் காலை மறுத்துவிட்டார். 1805இல் தந்தை இறந்தபின் தாயும் அக்காளும் அவரும் சகோதரர்களின் உதவியில் வாழ நேர்ந்தது. இந்த நாவலின் உரிமையை அவர் மொத்தமாக விற்றது 110 பவுண்டுக்கு.

சார்லட் செய்தது தவறென்று எலிசபெத் நினைக்கிறாள். நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. ஹன்ஸ்ஃபோர்டுக்குப் போகும்போது ஒழுங்கான வீடு, தோட்டம், கோழிகள் எல்லாம் இருக்கின்றன. காலின்ஸ் அசட்டுத்தனமாகப் பேசும்போது சார்லட் கேட்காதவள் போல இருக்கப் பழகியிருக்கிறாள். பகலில் இருக்க வசதியான அறையை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய அறையை அவள் ஏன் தேர்ந்தாள் என்று எலிசபெத்துக்கு முதலில் புரியவில்லை. முன்பக்க அறையிலிருந்து சாலை தெரியும். கணவர் தன் அறையில் அமர்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவியின் அறையும் அதே அளவு நன்றாக இருந்தால் அவர் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார். பின்னர் காலின்ஸ் எழுதும் ஒரு கடிதத்தின் இறுதியில், சார்லட் கருவுற்றிருக்கும் செய்தி ஓரிரு சொற்களில் வருகிறது.