அவன் மறந்ததை நாம் மறக்காமல் பார்ப்பது

‘லெட்டர் ஃப்ரம் ஆன் அன்னோன் வுமன்’ ஸ்டெஃபான் ஸ்வைக் 1922-இல் எழுதிய கதையை வைத்து, 1948-இல் மேக்ஸ் ஓஃபுல்ஸ் ஹாலிவுட்டில் எடுத்த படம். 1900-ஐ ஒட்டிய வியன்னா. விடிந்தால் ஒரு துவந்த யுத்தம். அதற்குப் பயந்து ஊரைவிட்டு ஓடப் பார்க்கும் பியானோ கலைஞன் ஸ்டெஃபானுக்கு (லூயி ஜூர்டான்) ஒரு கடிதம் வருகிறது. சிறுவயது முதல் அவனையே நேசித்த லிசா (ஜோன் ஃபான்டெய்ன்) எழுதியது. அவனுக்கோ அவளை நினைவே இல்லை.

அவன் நினைவில் வைக்காததை எல்லாம் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தை ரசிக்கும் வழி அதுதான். எந்தக் காட்சி திரும்ப வந்தாலும் அது முதலில் வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

மாடிப்படி: ஓர் இரவு லிசா மேல்படியில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வேறொரு பெண்ணோடு சிரித்தபடி ஏறி வருகிறான். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் கேமரா நிற்கிறது. இப்போது அவனோடு வருபவள் லிசா. ஒரு வசனமும் இல்லாமல், அவனுக்கு இவளும் இன்னொருத்திதான் என்று அந்தக் கோணமே சொல்லிவிடுகிறது.

ரயில்: பிராட்டர் பூங்காவில் ஓடாத ரயில் பெட்டி ஒன்றில் இருவரும் உட்கார்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே திரையில் தீட்டிய வெனிஸும் சுவிட்சர்லாந்தும் நகர்கின்றன. பெரியவர் ஒருவர் பெடல் மிதித்து அவற்றை ஓட்டுகிறார். அவள் வாழ்வின் மிக இனிய பயணம் அதுதான். நிஜ ரயில்கள் பிரிக்க மட்டுமே வருகின்றன. இரண்டு வாரத்தில் வருவதாகச் சொல்லி ஸ்டெஃபான் போகிறான். பின்னாளில் அதே இரண்டு வாரத்தை அவள் மகன் சொல்லும்போது நமக்கு நெஞ்சு பதறும்.

இசை: மூலக்கதையில் அவன் எழுத்தாளன். படத்தில் பியானோ கலைஞன் ஆனதால், முகம் பார்க்கும் முன்பே லிசா அவனைக் காதால் காதலிக்க முடிகிறது. அப்போது அவள் கேட்கும், இசையமைப்பாளர் லிஸ்டின் மெட்டு மீண்டும் எங்கே எழுகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஜான்: ஸ்டெஃபானின் வாய் பேசாத வேலைக்காரர். கதவைத் திறந்து யாரை உள்ளே விடும்போதும் அவர் கண்களைப் பாருங்கள். ஏன் என்பது முடிவில் புரியும்.

முதல் முறை லிசாவோடு பாருங்கள். இரண்டாம் முறை, மழையில் வண்டி வந்து நிற்கும் முதல் காட்சியிலிருந்தே ஸ்டெஃபானோடு பாருங்கள். இழந்தது இன்னதென்றே தெரியாமல் வாழ்ந்த அவன்மீது கோபம் தணிந்து இரக்கம் வரும். அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோவதால்தான் இதைப் பெரிய படம் என்கிறேன்.