'வானொலி நெல்': ஒரு பெயரும் வேளாண் விரிவாக்கத்தின் எல்லையும்

தமிழக வேளாண் விரிவாக்க வரலாற்றில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகத்திற்குத் தனியிடம் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இக்குறுகிய கால இரகத்தைக் காவிரிப் படுகையில் பரப்பியதில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்புக்குப் பெரும் பங்குண்டு. அதனால் உழவரிடையே இது 'வானொலி நெல்' என்றே வழங்கலாயிற்று.

இப்பெயரை ஊடக ஆற்றலின் சான்றாகக் கொள்வது வழக்கம். ஆயினும் பெயர் ஒன்றைச் சுட்டும்போதே வேறு சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூர் இடம்பெற்றிருந்தது. கடனும் உரமும் அத்திட்டத்தின் கூறுகள். பாசனத்திற்கு மேட்டூர் நீர் இருந்தது. இவற்றைப் பெற இயன்றவருக்கே வானொலியின் அறிவுரை விளைச்சலாயிற்று. ஆகவே குரல் அனைவருக்கும் பொதுவாயினும் பயன் பொதுவன்று.

விரிவாக்க மொழி விளிக்கும் 'உழவர்' யார் என்பது இங்கு எழும் வினா. விதையையும் உரத்தையும் தெரிவு செய்யும் உரிமை உடையவரே அவர். நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் அம்மொழியில் 'ஆள் தேவை' என்னும் செலவுக் கணக்காகவே இடம்பெறுகின்றனர். குறுவை அறுவடையும் தாளடி நடவும் அடுத்தடுத்து வந்தபோது அவர்தம் உழைப்பின் இன்றியமையாமை மிகுந்தது. கூலிக் கோரிக்கையும் வலுப்பெற்றது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இதற்கு நெல் இரகமே காரணம் எனல் பொருந்தாது. சாதியும் நிலவுடைமையும் சங்க எதிர்ப்பும் அதன் வேர்கள். எனினும் விளைச்சல் பெருக்கத்தை மட்டும் அளந்த விரிவாக்க மதிப்பீடு, அப்பெருக்கத்தின் பங்கீட்டைத் தன் வினாவாகக் கொள்ளவில்லை.

அந்த இடைவெளியை இலக்கியம் நிரப்பியது. கீழ்வெண்மணியைக் களமாகக் கொண்ட சோலை சுந்தரபெருமாளின் நாவல் 'செந்நெல்' எனப் பெயர் பெற்றது. 'வானொலி நெல்' அறிவித்தவரை நினைவூட்டுகிறது. 'செந்நெல்' விளைவித்தவரின் குருதியை நினைவூட்டுகிறது. ஒரே மண்ணின் இவ்விரு பெயர்களையும் இணைத்துப் படிப்பது ஆய்வாளர் கடமை.

இச்சிக்கல் கடந்த காலத்தோடு முடியவில்லை. 2019இல் அறிமுகமான பிரதமரின் கிசான் நிதித் திட்டமும் நிலவுடைமைக் குடும்பங்களையே பயனாளிகளாகக் கொண்டது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர். எத்தனை பேரை அறிவுரை எட்டியது என்பதோடு, எட்டியும் பின்பற்ற இயலாதவர் யாவர் என்பதையும் கணக்கிடும் மதிப்பீடே முழுமையுடையதாகும்.