வில்லன் இல்லாத ஊழல்

ஊழலைப் பேசும் இந்தியப் புனைகதைகளில் பெரும்பகுதி சினிமாவிடம் கடன் வாங்கியது. மேசைக்கு அடியில் கைமாறும் கவர், தொப்பை வைத்த அமைச்சர், கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் அம்பலப்படுத்தும் இளம் நிருபர் என்று மூன்றும் கிடைத்தால் கதை ஓடிவிடும். தேறிய நாவல்களோ இந்த வில்லனைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குகின்றன. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) இந்த வகையில் முன்னோடி. நகராட்சி மரத்தின் புளி ஏலத்துக்கு வருகிறது. இரண்டு வியாபாரிகளின் பகை தேர்தல் வரைக்கும் போகிறது. இசக்கி என்ற நிருபரின் பேனா அதற்குத் தீனி போடுகிறது. மரத்துக்கு விஷம் வைத்த கை ஒன்றுதான், ஆனால் அந்தக் கையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஊருக்கே பங்குண்டு. ஸ்ரீலால் சுக்லாவின் இந்தி நாவல் 'ராக் தர்பாரி' (1968) இதையே ஷிவ்பால்கஞ்ச் என்ற கிராமத்தில் வைத்துச் சிரிக்கிறது. கல்லூரியும் கூட்டுறவுச் சங்கமும் அங்கே ஒரு வைத்தியரின் வாசலில் அடக்கம்.

இப்போதைய எழுத்தில் இந்தப் பார்வை இன்னும் கூர்மையாகியிருக்கிறது. மேகா மஜும்தாரின் ஆங்கில நாவல் 'எ பர்னிங்' (2020) வழியாக இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜீவன் கொல்கத்தாச் சேரிப் பெண். ரயில் எரிப்பு ஒன்றுக்குப் பிறகு ஃபேஸ்புக்கில் அரசைச் சாடி எழுதியவள், பயங்கரவாதி என்று சிறைக்குப் போகிறாள். தேடி வரும் நிருபரிடம் தன் வாழ்க்கையை ஆதியிலிருந்து சொல்கிறாள். வீட்டை இடிக்க வந்த போலீஸ்மீது அவளுடைய சின்ன வயதில் அவள் குடும்பத்தார் எறிந்தது மலமும் மூத்திரமும் நிரப்பிய 'குண்டு'. பத்திரிகைத் தலைப்பில் அது குண்டாக மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு எந்தக் கவரும் தேவைப்படவில்லை; விற்கும் தலைப்பு எது என்று தெரிந்தால் போதும். அவளுக்குப் பாடம் நடத்திய உடற்பயிற்சி ஆசிரியரும் கெட்டவராகத் தொடங்குவதில்லை. கட்சிக்காகக் கோர்ட்டில் சாட்சி சொல்லச் சொல்ல, படிப்படியாக ஏறுகிறார். இமையத்தின் 'வாழ்க வாழ்க' (2020) ஏணியின் அடிப்படிக்கு வருகிறது: கூலி பேசிக் கூட்டத்துக்கு அழைத்துவரப்பட்டு, தலைவருக்காக வெயிலில் காய்கிற பெண்கள். அவர்களை யார் குற்றம் சொல்வது?

'எல்லோருக்கும் பங்கு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாவல்கள் பங்குகளைச் சமமாகப் பிரிப்பதில்லை. சாட்சி சொன்ன ஆசிரியர் எவ்வளவு பெற்றார், ஜீவன் எதை இழந்தாள் என்ற கணக்கு துல்லியமாகவே இருக்கிறது. இன்னொரு குற்றச்சாட்டு, இவை வறுமையை வெளிநாட்டுக்கு விற்கின்றன என்பது. 2008இல் புக்கர் பரிசு பெற்ற அரவிந்த் அடிகாவின் 'தி ஒயிட் டைகர்' இதை அதிகம் கேட்டது. அதன் முதல் பாதிக்கு இது ஓரளவு பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் பல்ராம் பெங்களூரில் போலீசுக்குக் காசு கொடுத்துப் போட்டி டாக்சிக்காரர்களை ஒழித்துத் தொழிலதிபராகும் பகுதியில் பரிதாபத்துக்கு இடமே இல்லை.

சிங்கப்பூரின் தேக்காவில் தமிழ்ப் புத்தகம் வாங்கும் வாசகருக்கு இவையெல்லாம் 'அந்த ஊர்' கதைகளாகத் தோன்றக்கூடும். லஞ்ச ஒழிப்புக்கு 1952இலேயே தனிப் பிரிவு அமைத்த நகரம் இது. அந்தப் பெருமிதத்தில் பொய்யில்லை. இந்தியாவோடு இதைச் சமமாக வைப்பதும் அபத்தம். ஆனாலும் வில்லனைத் தேடும் வாசிப்பு இங்கேயும் கைகொடுக்காது. 2024 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறை விதிக்கப்பட்டபோது, பரிசுப் பட்டியலில் இருந்தவை நாடக டிக்கெட்டுகள், எஃப்1 டிக்கெட்டுகள், விஸ்கி, ஒரு பிராம்ப்டன் சைக்கிள். பொருந்திய சட்டப்பிரிவு 165இன்படி, கைமாறாக எதைச் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பதவியோடு தொடர்புடையவரிடம் விலைமதிப்புள்ளதை வாங்கியதே குற்றம். ஊடகத்திலும் ஒன்று உண்டு. 'தமிழ் முரசு' உட்பட நான்கு மொழி நாளேடுகளை வெளியிடும் எஸ்பிஎச் மீடியா, 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை விற்பனை எண்ணிக்கை நாளொன்றுக்கு 85,000 முதல் 95,000 பிரதிகள் வரை மிகையாகக் காட்டப்பட்டதாக 2023இல் ஒப்புக்கொண்டது. அச்சிட்டு, எண்ணிக்கையில் சேர்த்து, பிறகு அழிக்கப்பட்ட பிரதிகளும் அதில் அடக்கம். ஒவ்வொரு நாளும் அச்சகத்தில் யாரோ கட்டுகளை எண்ணியிருக்க வேண்டும், யாரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். இசக்கியைப் படைத்த மொழிக்கு அந்த எழுத்தரை எழுதுவது கடினமாக இராது.