ஊட்டி இறக்கத்துக்கு ஒரு கையில்லாச் சட்டை

போன குளிர்காலத்தில் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஊட்டி சேரிங் கிராஸிலிருந்து குன்னூருக்குச் சைக்கிளில் இறங்கினேன். வேலிவியூ தாண்டுவதற்குள் காற்று இரண்டையும் துளைத்துக்கொண்டு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. திரும்பி ஏறும்போது அதே ஸ்வெட்டர்கள் வியர்வையில் ஊறிக் கனத்தன. அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தக் கையில்லாத விண்ட்சீட்டர். முன்பக்கம் காற்றுப் புகாத மெல்லிய துணி, முதுகில் வலை. சுருட்டினால் சட்டைப் பைக்குள் அடங்கும். டிசம்பரும் ஜனவரியும் காலை ஆறு மணிச் சவாரிக்கு இதைத்தான் போட்டேன்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850. இறங்கும்போது மிதிக்க வேலையில்லை, அதனால் உடம்பில் சூடும் பிறக்காது. காற்றடிக்காத நாளிலும் சைக்கிளே காற்றைக் கிளப்பிவிடும். வெப்பமானி 2 டிகிரி காட்டும் காலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கனடாக்காரர்கள் போடும் குளிர்காற்றுக் கணக்குப்படி, தோலுக்கு அது மைனஸ் 4 மாதிரி. ஸ்வெட்டரின் கண்ணிகளில் தங்கும் காற்றுதான் நமக்குக் கதகதப்பு. அதையே எதிர்காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால் கம்பளி என்ன செய்யும்?

இந்தச் சட்டை அந்த ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. உள்ளே ஒரு மெரினோ கம்பளிப் பனியன், மேலே இது, அவ்வளவுதான். எல்லநள்ளி வரை நெஞ்சு சில்லிடவே இல்லை. ஏற்றத்தில் ஜிப்பைப் பாதி இறக்கினால் போதும், முதுகு வலை வழியாக ஆவி வெளியேறிவிடும். பருத்திப் பனியன் மட்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, அடுத்த இறக்கத்தில் ஐஸ் ஒத்தடம்தான். மெரினோ ஈரத்தை நூலுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். நம் நீலகிரி ஆட்டிலும் மெரினோ ரத்தம் உண்டு, சாண்டிநல்லாவில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனாலும் என் பனியன் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது.

டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலையுச்சியில் ரசிகர்களிடம் நாளிதழ் வாங்கி நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். அதையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு நாளிதழோடு இறங்கினேன். அருவங்காடு வரை, உண்மையைச் சொன்னால், வித்தியாசமே தெரியவில்லை. ஏற்றத்தில்தான் காகிதம் ஊறிக் கூழானது. தலையங்கம் பனியனில் அச்சாகிவிட்டது.

குறைகளும் உண்டு. ஜிப்பின் நாக்கு மிகச் சிறியது, கிளவுஸ் போட்ட விரலுக்கு அகப்படாது. ஷூ லேஸ் துண்டைக் கோத்துச் சமாளித்தேன். கழுத்துப் பட்டி தாழ்வு. மங்கி குல்லாவை இழுத்துவிட்டு மூடலாம் என்றால் அதன் தடிமனுக்கு ஹெல்மெட் உட்காராது. மெல்லிய துணிக்குல்லாதான் சரி.

முக்கியமானது கை. நெஞ்சு சூடாக இருந்தும் வெலிங்டன் வளைவில் என் விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியாமல் போனது. சாலையோரத்தில் வாங்கிய கம்பளிக் கிளவுஸில் காற்று தாராளமாகப் புகுந்தது. இப்போது அதன்மேல் காற்றுப் புகாத உறை ஒன்றை மாட்டுகிறேன். விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. சட்டைக்கு 1,800 ரூபாய் ஆனது, உறைக்கு 600. கையில் 600தான் இருக்கிறது என்றால் நாளிதழோடு இறங்குங்கள், உறையை வாங்கிவிடுங்கள்.