பிரெத்தோன் இசையில் கெல்டிக் ஹார்ப்: வரவும் இழப்பும்

பிரான்சின் மேற்கு முனையிலுள்ள பிரிட்டனியில் நடுக்காலத்தில் ஒலித்த ஹார்ப் என்ற நரம்புக்கருவி, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்துபோனது. அன்று வாசித்த மெட்டுகளுக்கோ விரல்முறைக்கோ குறிப்பேதும் மிஞ்சவில்லை. எனவே, 1953இல் ஜோர்ட் கோஷ்வெலு தம் கையால் செய்த கருவியைப் பழைய மரபின் தொடர்ச்சி என்பதைவிடப் புதிய தொடக்கம் என்பதே பொருந்தும். அதை ஒன்பது வயதில் கையிலெடுத்த அவருடைய மகன்தான் பின்னாளில் ஆலன் ஸ்திவெல் என்று புகழ்பெற்றார். இம்முயற்சி முளைத்தது பாரிசில், பிரிட்டனியைவிட்டு வந்த பிரெத்தோன் குடும்பங்களிடையே.

ஸ்திவெலின் 'கெல்டிக் ஹார்ப்பின் மறுமலர்ச்சி' என்ற இசைத்தட்டு 1971இல் வெளியானது. 1972 பிப்ரவரியில் பாரிசின் ஒலிம்பியா அரங்கில் அவர் நடத்திய கச்சேரி வானொலியில் நாடெங்கும் ஒலித்தது. நாட்டுப்புறத்தானின் பேச்சு என்று பள்ளியில் இழிவுபடுத்தப்பட்ட பிரெத்தோன் மொழியின் பாட்டை இளைஞர்கள் பெருமையோடு கேட்கத் தொடங்கினார்கள். ஹார்ப்பின் மிகப் பெரிய கொடை இதுவே. இதைக் குறைத்து மதிப்பிட எந்தத் திறனாய்வுக்கும் உரிமையில்லை.

குறையும் அதே இசைத்தட்டில் தெரிகிறது. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய கேலிக் நாடுகளின் மெட்டுகள். பிரெத்தோன் ஹார்ப்புக்கெனத் தனி மெட்டுகள் இல்லாததால் அந்த இரவல் தேவைப்பட்டது. ஆனால் பிறகு வந்த பலர் அதையே வழக்கமாக்கிவிட, 'கெல்டிக்' என்ற பொது அடையாளத்தில் பிரிட்டனியின் தனிக்குரல் மங்கியது.

கருவியின் இயல்பும் ஒரு தடை. 'கான் ஹா திஸ்கான்' நடனப்பாட்டில் முதல் பாடகர் அடியை முடிக்கும் முன்பே இரண்டாமவர் அதன் கடைசி அசைகளில் சேர்ந்துகொள்வார், குரல் அறுபடாது. மீட்டிய நரம்பின் ஒலியோ உடனே தேயத் தொடங்கும். பழைய பாடகர்களின் சுரங்கள் சில பியானோவின் இரு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். ஹார்ப்பின் ஒவ்வொரு நரம்புக்கும் மேலுள்ள சிறு நெம்பை உயர்த்தினால் சுரம் அரைப்படி கூடுமே தவிர, அந்த இடைநிலை கிடைக்காது. முன்கூட்டியே சுருதியை மாற்றி அமைத்தால் கிடைக்கும். அதற்குப் பொறுமை காட்டியவர்கள் குறைவு. வெட்டவெளி நடனத்தில் பொம்பார்த், பினியூ ஆகிய ஊதுகருவிகளின் வீச்சுக்கு ஈடுகொடுக்கவும் ஹார்ப்பால் இயலவில்லை. ஒலிபெருக்கி வந்தபின் சத்தம் கூடியது; நடனக்காரரின் காலை உந்தும் அழுத்தம் கூடவில்லை.

இந்தத் தடைகளுக்குத் தக்க விடை தந்தவர்களுள் கிறிஸ்தென் நொகேஸ் முதன்மையானவர். 1976இல் வெளியான 'மார்ஹ் க்வேஸ்' தொகுப்பில் அவர் ஹார்ப்பைப் பழமையின் சின்னமாக நிறுத்தாமல், பிரெத்தோன் பாட்டோடு பேசும் இன்றைய கருவியாகக் கையாண்டார். பின்னர் ஜாஸ் கலைஞர் ஜான் சர்மனுடனும் இணைந்து வாசித்தார்.